உதட்டுக்குள் பை, சட்டைப்பையில் பக்கெட்

கேள்வி:

வணக்கம் டொக்டர். நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். வயது 41. செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இருபது வருடமாகச் சிகரட் பிடிக்கிறேன், ஒரு நாளைக்கு 15 ஆகும். காலையில் எழும்பினதும் பிளேன்ரீயோடு ஒன்று பிடிக்காவிட்டால் எனக்குப் பொழுது விடியாது. அப்பாவும் பிடித்தவர். 58 வயதில் மாரடைப்பில் போய்விட்டார்.

லண்டனில் இருக்கும் மச்சான் போன மாதம் வந்தபோது நிகோட்டின் பவுச் ஐந்து பேணி கொண்டுவந்து தந்தார். ஒரு பவுச்சில் 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. கடைக்குள் இருக்கும் நேரத்தில் அதை உதட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன். முதல் நாள் தலை சுற்றி விக்கல் எடுத்தது, இப்போது பழகிவிட்டது. சிகரட்டும் 7, 8 ஆகக் குறைந்திருக்கிறது. இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஓரிடத்தில் சிகரட்டை விட 95 வீதம் பாதுகாப்பானது என்கிறார்கள். இன்னோரிடத்தில் சில நாடுகளில் தடை என்கிறார்கள். மனைவியோ, "இதுவும் பாபுல் மாதிரித்தானே, வாயில் புற்றுநோய் வரும்" என்கிறார். வீட்டில் 4 வயதில் மகள் இருக்கிறாள். சிகரட்டுக்குப் பதிலாக இதை நம்பலாமா? ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

பதில்:

வணக்கம் தம்பி. "7, 8 ஆகக் குறைந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். பவுச் நல்லதா கெட்டதா என்பதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் உயிருக்கு ஆபத்து இருப்பது மிச்சமுள்ள அந்த 7, 8 சிகரட்டில். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகரட்டை ஒன்றுகூட இல்லாமல் நிறுத்திவிட்டு அந்த இடத்தில் பவுச் வைத்தால் உங்கள் உடம்புக்குப் பெரிய லாபம். சிகரட்டும் பிடித்துக்கொண்டு பவுச்சும் வைத்தால் லாபம் சொற்பம். அப்புறம், சிகரட்டை விடுவதற்கு இதைவிட நன்றாகச் சோதித்துப் பார்த்த மருந்துகள் இருக்கின்றன. நீங்கள் என் அறைக்கு நேரே வந்திருந்தால் அவற்றைத்தான் முதலில் எழுதித் தந்திருப்பேன்.

இந்தப் பவுச் என்ன சாமான் என்று பார்ப்போம். சிறிய வெள்ளைப் பை. உள்ளே தாவர நார், நிகோட்டின், இனிப்பு, புதினா போன்ற ஒரு வாசனை, கூடவே சோடியம் காபனேற்று போன்ற ஒரு காரப் பொருள், அதாவது அமிலத்துக்கு எதிரானது. புகையிலைத் தூள் இல்லை. மேலுதட்டுக்கும் முரசுக்கும் நடுவில் வைத்தால் நிகோட்டின் வாய்த்தோலினூடாக மெல்ல இரத்தத்தில் சேரும்.

அந்தக் காரம் எதற்கு என்று எங்கள் அம்மம்மாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணையில் அவருடைய வெற்றிலைத் தட்டம் எப்போதும் இருக்கும். சுண்ணாம்பு குறைந்துவிட்டால், "இது ஏறேல்லை" என்று துப்பிவிட்டு மறுபடி தடவுவார். சுண்ணாம்பு வாயைச் சிவக்க வைக்கத்தான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். மருத்துவம் படித்த பிறகுதான் விளங்கியது. வாயில் காரம் கூடினால் புகையிலையில் உள்ள நிகோட்டின் வாய்த்தோலைச் சுலபமாகக் கடந்துவிடும். அமிலம் கூடினால் கடக்காது. பவுச்சில் சோடியம் காபனேற்று செய்யும் வேலையும் அம்மம்மாவின் சுண்ணாம்பு செய்த வேலையும் ஒன்றுதான். இந்த விஷயத்தைக் கடைசியில் உங்கள் காலைப் பிளேன்ரீயோடு தொடுக்கப் போகிறேன், மனதில் வைத்திருங்கள்.

பார்மசியில் விற்கும் நிகோட்டின் சுயிங்கத்திலும் இதே காரணத்துக்காக ஒரு காரம் சேர்க்கிறார்கள். அந்தச் சுயிங்கம் பிறந்த கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டியதுதான். 1960களின் கடைசியில் சுவீடனில் கிளாஸ் லுண்ட்கிரென் என்ற விஞ்ஞானி ஒன்றைக் கவனித்தார். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் சிகரட் பிடிக்க முடியாத மாலுமிகள், அந்த நாட்டுக்காரர் உதட்டுக்குள் அடக்கும் 'ஸ்னூஸ்' என்ற புகையிலையை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். இதை அவர் மருந்துக் கம்பனி ஒன்றில் வேலைசெய்த ஓவ பெர்னோ என்பவருக்கு எழுதினார். பெர்னோவும் சிகரட்டை விட முடியாமல் அவதிப்பட்டவர். புகையும் வேண்டாம், புகையிலையும் வேண்டாம், நிகோட்டினை மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்று அவர்கள் தொடங்கிய வேலைதான் சுயிங்கமாக முடிந்தது. 1978இல் சுவிட்சர்லாந்து அதை முதலில் மருந்தாக ஏற்றுக்கொண்டது. இன்று உங்கள் கையில் இருக்கும் பவுச்சும் அதே ஸ்னூஸ் பழக்கத்திலிருந்து வந்ததுதான். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ஒரு பிள்ளை மருந்துச் சோதனைகளுக்குப் போய்ப் பட்டம் வாங்கி வந்தது. மற்றப் பிள்ளை நேரே கடைக்கு வந்துவிட்டது.

இனி ஆராய்ச்சிகள். மைக்கேல் ரசல் என்ற பிரித்தானிய மருத்துவர் 1976இல் ஒரு வரி எழுதினார்: மனிதர் நிகோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், ஆனால் தாரினால், அதாவது புகையில் வரும் பிசினால், சாகிறார்கள். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இந்தத் துறையில் இதைவிடச் சரியான வரியை நான் வாசிக்கவில்லை. சிகரட் எரியும்போது 7,000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் வருகின்றன. அவற்றில் 70 அளவிலாவது புற்றுநோய் தருபவை. புகையில் வரும் காபனோரொட்சைட்டு என்ற வாயு இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பவுச்சில் எதுவும் எரிவதில்லை, ஆகவே இந்தப் புகைச் சாமான்கள் இல்லை. முற்றாகச் சிகரட்டை விட்டுப் பவுச்சுக்கு மாறியவர்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் புகையின் நச்சுத் தடயங்கள் நன்றாகக் குறைகின்றன என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைச் செய்தவர்கள் பவுச் விற்கும் புகையிலைக் கம்பனிகளே. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். நெருப்பு இல்லாத இடத்தில் புகை நச்சு குறையும் என்பதற்குப் பெரிய அறிவு தேவையில்லை.

நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்விதான் கஷ்டமானது. பவுச் வைப்பவர்கள் உண்மையில் சிகரட்டை விடுகிறார்களா?

இங்கேதான் ஆதாரம் மெலிந்து போகிறது. கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு மருத்துவ ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோட்டுச் சொல்லும் வேலையைச் செய்கிறது. பவுச் பற்றி அவர்கள் தேடிப் பார்த்தபோது அகப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடிய சிறு ஆய்வுகள்தான். அவற்றை வைத்து, இது சிகரட்டைக் கைவிட உதவும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதே கொக்ரேன் 2018இல் சுயிங்கம், தோலில் ஒட்டும் பட்ச் முதலிய நிகோட்டின் மருந்துகளை எடைபோட்டபோது கையில் இருந்தவை 130க்கு மேற்பட்ட ஆய்வுகள், 64,000க்கு மேற்பட்ட ஆட்கள். மருந்து எடுத்தவர்கள் சிகரட்டை விடும் வாய்ப்பு ஏறத்தாழ 50 முதல் 60 வீதம் கூடியது. நான் ஏன் ஒரு பிள்ளையை முதலில் அனுப்புவேன், மற்றதை அனுப்பமாட்டேன் என்பது இப்போது விளங்கும்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் செய்த ஒரு சிறு ஆய்வு உங்கள் நிலைமைக்கு மிகவும் பொருந்துகிறது. 30 புகைப்பவர்களை அழைத்து, ஒரு நாள் சிகரட், வேறு நாட்களில் 3 மில்லிகிராம், 6 மில்லிகிராம் பவுச் என்று கொடுத்து இரத்தத்தை அடிக்கடி சோதித்தார்கள். சிகரட்டில் ஐந்து நிமிடத்துக்குள் நிகோட்டின் உச்சிக்கு ஏறியது. பவுச்சில் அதற்கு அரை மணித்தியாலமாவது பிடித்தது. ஆசை அடங்கியதும் அந்த வேகத்தில்தான். புகை நெஞ்சுக்குள் போனால் நிகோட்டின் 10, 20 வினாடியில் மூளையைத் தொட்டுவிடும். இருபது வருடமாக அந்த வேகத்துக்குப் பழகிய மூளைக்கு, பவுச் தாமதமாக வரும் பஸ் மாதிரி. வேலை நேரத்தில் கடைக்குள் நின்று காத்திருக்கிறீர்கள். கடை பூட்டித் தெருவுக்கு இறங்கியதும் காத்திருக்க முடியவில்லை. உங்களிடம் மன உறுதி இல்லை என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், நிகோட்டின் ஏறும் வேகம்தான் காரணம்.

95 வீதக் கதைக்கு வருவோம். அந்த எண் 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் பிரபலமானது. அது பேசியது மின்சிகரட்டைப் பற்றி, பவுச்சைப் பற்றியல்ல. அதுவும் ஆய்வுகூடத்தில் அளந்து எடுத்த எண் இல்லை, நிபுணர் சிலர் கூடியிருந்து போட்ட மதிப்பீடு. யாரோ அதைப் பவுச்சில் ஒட்டிவிட்டார்கள்.

தடை என்பதும் உண்மை, அனுமதி என்பதும் உண்மை. பெல்ஜியம் 2023 அக்டோபரில் பவுச் விற்பனையைத் தடைசெய்தது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் 'சின்' என்ற பெயரில் வரும் 20 வகைப் பவுச்சுகளை விற்க அனுமதி கொடுத்தது. கொடுக்கும்போதே, இவை பாதுகாப்பானவை என்றோ நாங்கள் அங்கீகரித்தவை என்றோ பொருள் இல்லை என்றும் சொன்னது. பெல்ஜியம் பார்த்தது சிகரட்டே தொடாத பள்ளிக்கூடப் பிள்ளைகளை. அமெரிக்கா எடைபோட்டது உங்களைப் போல ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களை. அங்கே 2024இல் மாணவர்களில் 1.8 வீதம் பேர்தான் பவுச் பாவித்தார்கள் என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். ஆள் யார் என்பதைப் பொறுத்து ஒரே சாமானுக்குப் பதில் மாறும். உங்கள் மச்சானின் மகன் 17 வயதில், "சும்மா வைத்துப் பார்க்கிறேன்" என்று கேட்டிருந்தால் நான் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றிருப்பேன்.

உங்கள் மனைவியின் பயத்தை நான் மதிக்கிறேன். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முதலிடம். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தவர்கள் வெற்றிலை, பாபுல், மாவாவைப் பற்றி இலேசாகப் பேசமாட்டார்கள். ஆனால் பாபுலில் இருப்பது பாக்கும் புகையிலையும். பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே சொல்லிவிட்டது. நம் நாட்டிலும் 2016இல் புகையிலை கலந்த மெல்லும் சாமான்களை ஒழுங்குவிதி போட்டுத் தடைசெய்தார்கள். பவுச்சில் பாக்கும் இல்லை, புகையிலைத் தூளும் இல்லை. ஆகவே பாபுலும் இதுவும் ஒன்றல்ல என்று அவருக்குச் சொல்லலாம்.

அதற்காக, வாய்க்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே இடத்தில் வைத்தால் அந்த இடம் வெளிறும், முரசு எரியும், புண்ணாகும். ஜெர்மனியில் 44 வகைப் பவுச்சுகளை ஆய்வுகூடத்தில் சோதித்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் புகையிலைக்கே உரிய புற்றுநோய்ப் பொருள்கள் கொஞ்சமாவது இருந்தன. நிகோட்டினைப் புகையிலையிலிருந்து பிரித்தெடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வருபவை அவை. அதே சோதனையில் ஒரு பையில் இருந்த நிகோட்டின் 2 மில்லிகிராமுக்கும் குறைவிலிருந்து 47 மில்லிகிராம் வரை வேறுபட்டது. யோசித்துப் பாருங்கள், பார்க்க எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் பை. உங்களுக்கு முதல் நாள் தலை சுற்றி விக்கல் வந்ததற்குக் காரணம் இந்த அளவுதான். பார்மசிச் சுயிங்கத்தில் கூடிய அளவே 4 மில்லிகிராம். இன்னொன்று, பவுச் கடைக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது. வாயில் புற்றுநோய் உருவாக இருபது முப்பது வருடம் எடுக்கலாம். இந்தப் பைகளை இருபது வருடம் வைத்திருந்த ஒரு மனிதர்கூட இன்னும் உலகத்தில் இல்லை.

இப்போது அந்த 7, 8க்கு வருகிறேன். 15ஐப் பாதியாக்கிவிட்டோம், ஆபத்தும் பாதியாகியிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயமான கணக்குத்தான். நீங்கள் கணக்கு எழுதுபவர், அப்படித்தான் நினைப்பீர்கள். ஆனால் இதயம் அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. 2018இல் பிரித்தானிய மருத்துவ இதழில் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரே ஒரு சிகரட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு வரும் மேலதிக இதய ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது. ஒன்றுக்கே பாதி! நுரையீரல் புற்றுநோய் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறும், இறங்கும். இதய நாளங்கள் அப்படியில்லை. கொஞ்சப் புகைக்கே இரத்தம் கட்டியாகத் தயாராகிவிடும். உங்கள் அப்பா 58இல் போனது அந்த வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

வெள்ளவத்தையில் தையற்கடை வைத்திருந்த ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். நாளுக்கு 20 பிடித்தவர் 4க்கு இறங்கினார். நான் பாராட்டினேன். பாராட்டிவிட்டு, அந்த 4ஐயும் விடுங்கள் என்று அழுத்திச் சொல்லாமல் இரண்டு வருடம் விட்டுவிட்டேன். 46 வயதில் நெஞ்சுவலியோடு கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் உறுத்துகிறது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கறாராகக் கதைக்கிறேன்.

நல்ல செய்தி உங்கள் வயதிலேயே இருக்கிறது. ரிச்சர்ட் டொல் என்பவரும் கூட்டாளிகளும் பிரித்தானிய மருத்துவர்களை ஐம்பது வருடம் தொடர்ந்து பார்த்து 2004இல் முடிவை எழுதினார்கள். புகைப்பவர் சராசரியாகப் 10 வருட ஆயுளை இழக்கிறார். 40 வயதளவில் நிறுத்தினால் அதில் 9 வருடத்தைத் திரும்பப் பெறலாம். 50இல் நிறுத்தினால் 6, 60இல் நிறுத்தினால் 3. உங்களுக்கு 41.

சரி, என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் புகையிலையை விடுவதற்கான சிகிச்சை வழிகாட்டியை முதன்முதலாக வெளியிட்டது. அதில் உள்ள மருந்துகள் நிகோட்டின் மருந்துகள், வரெனிக்லின், புப்ரோபியோன், சைட்டிசின் என்ற மாத்திரைகள். பவுச் அந்தப் பட்டியலில் இல்லை. எழும்பினதும் சிகரட் தேடுபவர் என்பதால் உங்கள் அடிமைத்தனம் பலமானது. அதற்கு ஒரு மருந்து போதாது, இரண்டைச் சேர்த்தால்தான் நல்லது. காலையில் தோலில் ஒரு பட்ச் ஒட்டினால் அது நாள் முழுவதும் மெல்ல நிகோட்டின் கொடுத்துக்கொண்டிருக்கும். நாளுக்கு 10க்கு மேல் பிடித்தவர்கள் வழக்கமாக 21 மில்லிகிராமில் தொடங்கி, ஆறு கிழமைக்குப் பிறகு 14, அப்புறம் 7 என்று இறங்குவார்கள். ஆசை திடீரென்று கிளம்பும் நேரத்துக்குச் சுயிங்கம். எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் சிகரட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம்தான் சரி. அதைச் சாதாரணச் சுயிங்கம் மாதிரிச் சப்பித் தள்ளக்கூடாது. மெல்ல மென்று, மிளகு கடித்தது போல் சுரீர் என்றதும் கன்னத்துக்குள் ஒதுக்கி வையுங்கள். சுரீர் அடங்கியதும் மறுபடி இரண்டு மெல்லு. இதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டதால், "சுயிங்கம் வேலை செய்யவில்லை, வயிறுதான் எரிந்தது" என்று திரும்பி வந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாப் பார்மசியிலும் எந்நேரமும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நிறுத்தும் நாளைக் குறிப்பதற்கு முதல் விசாரித்து, இரண்டு மூன்று கிழமைக்குத் தேவையானதை வாங்கி வையுங்கள். அளவை உங்கள் குடும்ப வைத்தியரோடு கதைத்துத் தீர்மானியுங்கள். வரெனிக்லின் வைத்தியர் சீட்டில்லாமல் எடுக்கக்கூடாது. விலை கூட என்று தயங்காதீர்கள். ஒரு சிகரட் இப்போது நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. நூறு என்றே வைத்தாலும் நாளுக்கு 15 என்றால் மாதம் 45,000 ரூபாய்.

வைத்தியரிடம் போகும் அன்றே பிரஷர், சீனி, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். அப்பாவின் வரலாறு இருக்கிறது. நிகோட்டின் எந்த உருவில் வந்தாலும் இதயத் துடிப்பையும் பிரஷரையும் கொஞ்சம் ஏற்றும். உங்கள் பிரஷர் ஏற்கெனவே கூடியிருக்கிறதா என்று தெரிந்துகொண்டுதான் பவுச்சோ பட்ச்சோ தொடர வேண்டும்.

"எனக்குப் பவுச்தான் ஒத்துவருகிறது டொக்டர், சுயிங்கம் வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால் நான் சண்டை பிடிக்கமாட்டேன். சிகரட்டுக்குத் திரும்பிப் போவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு நாளைக் குறித்து, அன்றிலிருந்து சிகரட் பூச்சியம் என்று வைத்துக்கொண்டால்தான் நான் சம்மதிப்பேன். ஒரு பவுச் வைத்தால் அந்த நேரத்தில் சிகரட் இல்லை, அடுத்த நேரத்திலும் இல்லை. 10 மில்லிகிராமுக்கு மேல் போகாதீர்கள், ஒரே நேரத்தில் இரண்டு வைக்காதீர்கள், வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள், கிழமைக்கு ஒரு தடவை கண்ணாடியில் உதட்டை மடித்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ புண்ணோ இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். சிகரட் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் நின்ற பிறகு 6, பிறகு 3 என்று இறங்கி அதையும் விட்டுவிடலாம். அவசரம் வேண்டாம். பவுச்சை அவசரமாக விட்டுவிட்டுச் சிகரட்டுக்குத் திரும்பியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மகளைப் பற்றி எழுதியது நல்லதாயிற்று. அமெரிக்காவில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பவுச்சை விழுங்கிவிட்டதாக நச்சு ஆலோசனை மையங்களுக்கு வந்த அழைப்புகளின் விகிதம் 2020க்கும் 2023க்கும் இடையில் 763 வீதம் ஏறியது. புதினா வாசனை, இனிப்பு, திறக்கச் சுலபமான வட்டப் பேணி. 4 வயதுப் பிள்ளைக்கு அது இனிப்புப் பேணிதான். இன்றிரவே அந்த ஐந்தையும் பூட்டுப் போடும் அலுமாரியில், அவளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பாவித்த பையிலும் நிகோட்டின் மிச்சமிருக்கும். அதைச் சமையலறைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள், சுற்றி வெளித் தொட்டியில் போடுங்கள். அவள் ஒன்றை வாயில் போட்டுவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், பேணியையும் எடுத்துக்கொண்டு போங்கள். சுயிங்கம், பட்ச் வாங்கினாலும் இதே பூட்டு.

தனியாகச் செய்ய வேண்டியதில்லை. தேசிய புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் புகைப்பதைக் கைவிட ஆலோசனை சொல்வார்கள். மனைவியிடம் நாளைச் சொல்லிவிடுங்கள். கடையில் உங்களோடு வெளியே இறங்கிச் சிகரட் பிடிக்கும் நண்பரிடமும் சொல்லுங்கள், ஒன்றை நீட்டாமல் இருக்க அவருக்கும் தெரிய வேண்டும்.

கடைசியாக, காலைப் பிளேன்ரீ. நாளின் மிகக் கஷ்டமான சிகரட் உங்களுக்கு அதுதான், அதை வென்றால் மற்றவை தானாகத் தளரும். பலர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சுயிங்கத்தை மெல்லுகிறார்கள், பவுச்சை வைக்கிறார்கள். தேத்தண்ணி, கோப்பி, சோடா எல்லாம் வாயில் அமிலத்தைக் கூட்டும். அம்மம்மாவுக்குச் சுண்ணாம்பு குறைந்தது போல, நிகோட்டின் ஏறாது. ஏறாதபடியால் கை சிகரட்டைத் தேடும். ஆகவே எழும்பி முகம் கழுவினதும் பட்ச்சை ஒட்டுங்கள். சுயிங்கத்தை வாயில் போட்டுக்கொண்டு, வழக்கமாகச் சிகரட் பிடிக்கும் வாசல்படியில் இருக்காமல் மகளைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்துங்கள். அரை மணித்தியாலம் கழித்துச் சுயிங்கத்தைத் துப்பிவிட்டுப் பிளேன்ரீயைக் குடியுங்கள். முதல் பத்து நாள் அந்தத் தேத்தண்ணி ருசிக்காது. ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.